கல்லாப்பெட்டிக்குள் பூட்டப்படும் அறிவு!

உங்கள் கடையில் ஒரு பையன் இருக்கிறான். பத்து வயதோ, பதினொன்றோ. பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையை மூட்டைகளுக்குப் பின்னால் வீசிவிட்டு வந்து நிற்பான். பாகலூர்ப் பக்கத்து விவசாயியிடம் தெலுங்கில் பேசுவான். அத்திப்பள்ளியிலிருந்து வந்த லாரி டிரைவரிடம் கன்னடத்தில் பேசுவான். சேலத்து வியாபாரியிடம் தமிழ். உங்களிடம் உருதுவில் சண்டை. பதினேழு கிலோ நானூறு கிராம், கிலோ 28 ரூபாய் என்றால், நீங்கள் கால்குலேட்டரைத் தேடி எடுப்பதற்குள் 487 ரூபாய் 20 காசு என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவான்.

நீங்கள் பூரித்துப் போகிறீர்கள். ‘பையன் கெட்டிக்காரன். கடையை இவன் பார்த்துக்கொள்வான்’ என்று பக்கத்துக் கடை பாயிடம் பெருமையாகச் சொல்கிறீர்கள்.

சகோதரரே! அந்தப் பூரிப்பில்தான் ஆபத்து இருக்கிறது.

படிப்பு ஏறாத பிள்ளையைத்தான் நாம் பள்ளியிலிருந்து நிறுத்துகிறோம் என்று இவ்வளவு காலமும் சமாதானம் சொல்லி வந்திருக்கிறோம். ஒசூர் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளிலும், கிருஷ்ணகிரி மண்டிகளிலும், சிப்காட்டை நம்பி நடக்கும் லேத் பட்டறைகளிலும், காயலான் கடைகளிலும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மந்தமான பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைக்க எந்த வியாபாரிக்குத் துணிச்சல் வரும்? கெட்டிக்காரப் பிள்ளைதான் முதலில் கல்லாவுக்கு வருகிறான். எந்த அறிவு அவனை வெகுதூரம் கொண்டுபோக வேண்டுமோ, அதே அறிவுதான் அவனைக் கடைக்குள் கட்டிப்போடுகிறது. இது நாம் நமக்கே செய்துகொள்ளும் நஷ்டம்.

இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கல்வியாளர்கள் மீத்திறன் கொண்ட குழந்தைகள் என்பார்கள். நாம் வைத்திருக்கும் பெயர்கள் வேறு. வாயாடி, துடுக்கு, அதிகப்பிரசங்கி, வால்!

அடையாளம் தெரியாமல் போவது எங்கே?

மார்க் ஷீட்டைப் பார்த்து அறிவை அளக்கப் பழகிவிட்டோம். பொதுத்தேர்வில் மாநில ராங்க் அறிவிக்கும் பழக்கத்தைத் தமிழக அரசே 2017ல் நிறுத்திவிட்டது. நம் மனதிலிருந்து அந்த ராங்க் இன்னும் போகவில்லை. சொல்லிக் கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்லும் பிள்ளை வேறு. சொல்லிக் கொடுக்காததைக் கேட்கும் பிள்ளை வேறு. முதல் பிள்ளைக்குப் பரிசு கிடைக்கும். இரண்டாவது பிள்ளைக்குப் பெரும்பாலும் குட்டுதான் கிடைக்கும்.

கரண்ட் கம்பியில் உட்காரும் காக்கைக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை என்று கேட்பான். நேற்று 30 ரூபாய்க்கு எடுத்த சரக்கை இன்று அந்தக் கிழவரிடம் மட்டும் ஏன் 25க்குக் கேட்கிறீர்கள் என்று, ஆள் எதிரில் நிற்கும்போதே கேட்பான். நியாய அநியாயத்தில் இந்த வயதிலேயே இப்படிக் கூர்மையாக இருப்பதும் ஓர் அடையாளம்தான். நமக்குச் சங்கடமாக இருப்பதால் ‘சும்மா இருடா’ என்கிறோம். வகுப்பில் கவனம் இல்லை என்று டீச்சர் புகார் சொல்வார். அதே பையன் உடைந்த மிக்ஸி மோட்டாரோடு மூன்று மணி நேரம் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருப்பான். அப்படியானால் கவனம் இல்லாதவன் என்று எப்படிச் சொல்வது? வகுப்பில் கொடுத்த கணக்கைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி முப்பது நிமிடம் பக்கத்துப் பையனைச் சீண்டிக்கொண்டிருப்பான். கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். மனம் ஓடும் வேகத்துக்குக் கை வராது. பெரியவர்களிடம் சரிக்குச் சரி வாதாடுவான், ஆனால் பென்சில் தொலைந்துவிட்டால் ஐந்து வயதுக் குழந்தைபோல அழுவான். அறிவு வளரும் வேகத்தில் மனசு வளர்வதில்லை என்பதை வீட்டிலுள்ளவர்கள் தெரிந்து வைத்திருந்தால் பாதி அடி குறையும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு எல்லாரும் தங்கள் வீட்டுப் பிள்ளையை மேதை என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடிக்கக் கிளம்பிவிடக் கூடாது! இவற்றில் ஒன்றிரண்டு எந்தக் குழந்தையிடமும் இருக்கும். பல சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் நீடித்தால்தான் யோசிக்க வேண்டும்.

பரீட்சை வைத்துக் கண்டுபிடித்துவிடலாமே என்பீர்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் டெர்மன் 1921ல் அதைத்தான் செய்தார். கலிபோர்னியா பள்ளிகளில் ஆசிரியர்கள் காட்டிய பிள்ளைகளுக்கு நுண்ணறிவுச் சோதனை வைத்து, சுமார் 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து ஆயுள் முழுவதும் பின்தொடர ஏற்பாடு செய்தார். அந்தச் சோதனையில் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் என்ற இரண்டு சிறுவர்கள் தேறவில்லை, கழிக்கப்பட்டார்கள். ஷாக்லி 1956லும், ஆல்வரெஸ் 1968லும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட 1,500 பேரில் ஒருவருக்கும் நோபல் கிடைக்கவில்லை! சோதனையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. காகிதத்தில் சிக்காத அறிவும் உண்டு. அதைக் கூட இருந்து பார்க்கிறவர்கள்தான் பிடிக்க முடியும். அந்தப் பையனோடு நாள் முழுவதும் இருப்பது நீங்கள்தானே?

நம் நாட்டுக் கதையும் தெரிந்ததுதான். கும்பகோணத்து ராமானுஜன் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தோற்று, கல்லூரி உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் தேறவில்லை. அந்த மார்க் ஷீட்டைப் பார்த்து யார் வேலை கொடுப்பார்கள்? நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ், நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து மாதம் 25 ரூபாய் தன் கைப்பணத்தைக் கொடுத்தார். 1912ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை கிடைத்தது. 1918ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்! நடுவில் இருந்த அந்த 25 ரூபாய்தான் நம் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம்.

புளியங்கொட்டை விற்ற பையன்

இதற்கெல்லாம் வசதி வேண்டும், நாம் பிழைப்புக்கு அல்லாடுகிறவர்கள் என்று சொல்லும் சகோதரர்களுக்காக ராமேஸ்வரத்துக்குப் போவோம்.

1931ல் பிறந்த அப்துல் கலாமும் சின்ன வயதில் வேலை செய்தவர்தான். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி வந்தபோது, பொறுக்கிக் கொண்டுபோய்க் கடையில் விற்றிருக்கிறார். ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போன நாட்களில், ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் பத்திரிகைக் கட்டுகளைப் பிடித்துக் கொடுத்து, பத்திரிகை ஏஜெண்டாக இருந்த உறவினர் சம்சுதீனிடம் கூலி வாங்கியிருக்கிறார். நம் பையன்கள் செய்வதைவிட இது ஒன்றும் சின்ன வேலையில்லை. வேலை அவரைக் கெடுக்கவில்லை. ஆனால் ‘பேப்பர்க் கட்டை நன்றாகப் பிடிக்கிறான், ஏஜென்சியை இவனிடமே கொடுத்துவிடலாம்’ என்று அந்த வீட்டில் யாரும் முடிவு செய்யவில்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பிள்ளையை அடையாளம் கண்டவர்கள் யார்? அக்காள் ஜொஹராவைக் கட்டிய அஹ்மது ஜலாலுத்தீன். படகுத் தொழிலில் இருந்தவர், பெரிய பட்டதாரி அல்ல. ஆனால் அந்தத் தீவில் அன்று ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஊராருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவர். தன்னைவிடப் பதினைந்து வயது இளைய சிறுவனோடு மாலை வேளைகளில் நடந்துகொண்டே உலகத்து விஷயங்களையெல்லாம் பேசினார். அவன் கேள்விக்குப் பதில் சொன்னார். ராமநாதபுரம் ஷுவார்ட்ஸ் பள்ளிக்கு அனுப்பும்போதும் கூடவே நின்றார். பின்னால் சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்துச் சேர்வதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

ஜனாதிபதியான பிறகு கலாம் படத்தைக் கடையில் மாட்டிக்கொண்டோம். நல்லது. ஜலாலுத்தீன் வேலையை யார் செய்வது? மச்சானாக, மாமாவாக, சாச்சாவாக இருக்கும் இளைஞர்களே, இது உங்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. பெற்றோருக்கு நேரமிருக்காது. ஒசூரில் கம்பெனி ஷிப்டு முடிந்து வரும் உங்களுக்கு வாரத்தில் ஒரு மாலை கிடைக்காதா?

நான்கு மொழிப் பிள்ளை

நம் எல்லைப் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டில் தக்னி உருது. தெருவில் தெலுங்கும் கன்னடமும். பள்ளியில் தமிழ் அல்லது ஆங்கிலம். ஒன்றாம் வகுப்பில் போய் உட்காரும் குழந்தை, டீச்சர் பேசுவது பிடிபடாமல் மாதக்கணக்கில் வாய் மூடி இருக்கும். உடனே ‘மந்தம்’ என்று ஒரு முத்திரை! அந்த முத்திரை ஐந்தாம் வகுப்பு வரை கூடவே வரும். பிறகு வீட்டாரும் நம்பிவிடுவார்கள். கடைசியில் பிள்ளையும் நம்பிவிடும்.

அந்தப் பிள்ளையிடம் அதன் வீட்டு மொழியில் ஒரு கதை சொல்லச் சொல்லிப் பாருங்கள். விடுகதை போட்டுப் பாருங்கள். மந்தமா, இல்லையா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பள்ளி மொழி வராததும் புத்தி இல்லாததும் ஒன்றல்ல. அதற்காகத் தமிழைக் கற்பிப்பதில் சுணங்கிவிடவும் கூடாது. நாளை எழுதப்போகும் பரீட்சை அந்த மொழியில்தான் இருக்கும். ஒன்பது வயதில் நான்கு மொழிகளைக் கலக்காமல், ஆளுக்கேற்றபடி மாற்றிப் பேசுகிற பிள்ளை இங்கே தெருவுக்கு ஒன்று இருப்பதால் நமக்கு அது அதிசயமாகத் தெரிவதில்லை. வேறு ஊரில் பிறந்திருந்தால் மேடையேற்றியிருப்பார்கள்.

மொழி வளம் என்றதும் ஜைது பின் ஸாபித் (ரலி) நினைவுக்கு வருகிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அவருக்குப் பதினொரு வயது. பத்ருப் போருக்குப் புறப்பட்டு வந்தபோது வயது போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டார். ஆனால் அந்தச் சிறுவனுக்கு எது கைவரும் என்பது கவனிக்கப்பட்டது. யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி பணிக்கப்பட்டார். அரை மாதத்தில் கற்றுத் தேர்ந்ததாக ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. திருக்குர்ஆனைத் தொகுக்கும் பெரும் பொறுப்பு பின்னாளில் அந்த இளைஞரிடம்தான் ஒப்படைக்கப்பட்டது. வாளுக்கு ஆகாதவன் என்று தள்ளிவிடாமல், பேனாவுக்கு ஆனவன் என்று கண்டுகொண்ட வரலாறு நம்முடையது. நாமோ தராசுக்கு ஆனவன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நானும் குற்றவாளிதான். இருபது வருடங்களுக்கு முன், கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் நேரம். மண்டி வைத்திருந்த நண்பரின் மகன் ஏழாம் வகுப்பில் இரண்டு பாடத்தில் பெயில். கையில் எப்போதும் பிரித்துப் போட்ட ரேடியோவோடு திரிவான். ‘படிப்பு ஏறாது பாய், கடையில் போடுங்கள்’ என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். போட்டார்கள். பிறகு அவராகவே தொழில் கற்று செல்போன் சர்வீஸ் கடை வைத்தார். ஹலாலான பிழைப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. போன வருடம் என் போனைப் பழுது பார்க்கக் கொடுத்தேன். பூதக்கண்ணாடியில் குனிந்தபடியே, ‘இந்த ஐ.சி.க்குள்ள என்ன நடக்குதுன்னு படிச்சவங்களுக்குத் தெரியும் இல்லீங்களா மாமு?’ என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. நான் சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கவும் தைரியம் வரவில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் மோசம். துடுக்காகக் கேள்வி கேட்கும் பையனையாவது நாலு பேர் கவனிப்பார்கள். கெட்டிக்காரப் பெண் பிள்ளை, வீட்டில் நல்ல பெயர் வாங்குவதற்காகத் தன் கெட்டிக்காரத்தனத்தையே மறைத்துக்கொள்ளும். தம்பிக்கு ஹோம் வொர்க் சொல்லிக் கொடுப்பது அது. பாட்டியின் மாத்திரைகளை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுப்பது அது. உங்கள் கடையின் ஜி.எஸ்.டி. கணக்கில் தப்பு கண்டுபிடிப்பதும் அதுதான்! ‘பொறுப்பான பொண்ணு’ என்று பாராட்டி, பன்னிரண்டாம் வகுப்போடு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். ஜொஹராவின் வளையலை அடிக்கடி பேசுகிறோம். அந்த ஜொஹராவுக்குள் என்ன இருந்தது என்று யார் கேட்டோம்?

2006ல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, நாட்டில் 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது பாதியில் நின்றவர்கள் என்று சொன்னது. தமிழகத்தில் நம் நிலை மற்ற மாநிலங்களைப்போல் அவ்வளவு மோசமில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் கணிசம். எழுதப் படிக்கத் தெரிந்ததும் போதும் என்று எழுந்துவிடுவதுதான் நம் நோய்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் கடைக்கு ஒரு வரம்பு போடுங்கள். 2016ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குள் வேலை வாங்கவே கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக, விடுமுறையில் உதவுவதற்கு மட்டுமே விலக்கு உண்டு. அந்த விலக்கைச் சாக்காக வைத்து ராத்திரி பத்து மணி வரை நிறுத்திவைத்தால், காலையில் வகுப்பில் தூங்குகிற பிள்ளையிடம் எந்தத் திறமையை யார் கண்டுபிடிப்பது?

பெங்களூர் நமக்கு 40 கிலோமீட்டர்தான். சிட்டி மார்க்கெட்டுக்கும் எஸ்.பி. ரோட்டுக்கும் சரக்கு எடுக்க வாரம் தவறாமல் போகிறீர்கள். கஸ்தூரிபா ரோட்டில் விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனையும் பெண்ணையும் அங்கே விட்டுவிட்டு, எந்த இயந்திரத்தின் முன்னால் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். டாட்டா இன்ஸ்டிடியூட் என்று நம் பெரியவர்கள் சொல்லும் இந்திய அறிவியல் கழகம் ஆண்டில் ஒருநாள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்து விடுகிறது. அன்றைக்கு ஒரு வேன் பிடித்தால் ஜமாஅத்துக்கு என்ன செலவாகிவிடும்? பக்கத்திலுள்ள தொரப்பள்ளியில் 1878ல் பிறந்த ராஜாஜி, ஒசூரில் படித்துவிட்டு பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குத்தான் போனார். கிராமத்து முன்சீப் மகனுக்கு அந்தக் காலத்திலேயே தெரிந்த வழி இது.

எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் நவோதயா பள்ளிகள் இருக்கின்றன. ஆறாம் வகுப்புக்கே தேர்வு வைத்து, கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளை எடுத்து விடுதியில் வைத்துப் படிக்க வைக்கிறார்கள். மொழிக் கொள்கை காரணமாகத் தமிழகம் அவற்றை ஏற்கவில்லை. அந்த விவாதத்துக்குள் இப்போது போகவில்லை. இங்கே இருப்பதையாவது நாம் பயன்படுத்துகிறோமா?

அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். என்ற தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித்தொகைத் தேர்வு 2008 முதல் நடக்கிறது. தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் ஆயிரம் ரூபாய். நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. பணத்தைவிட முக்கியமான ஒன்று இதில் இருக்கிறது. தேர்வில் பாதி, மனத்திறன் சோதனை. எண் வரிசையில் அடுத்தது எது, இந்தப் படத்தைத் திருப்பினால் எப்படி இருக்கும் என்பது போன்ற கேள்விகள். மனப்பாடம் அங்கே செல்லாது. 487 ரூபாய் 20 காசு என்று கண் இமைக்கும் நேரத்தில் சொன்னானே உங்கள் பையன், அவனுக்காகவே வைத்ததுபோன்ற பரீட்சை! (மெட்ரிகுலேஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதில் இடமில்லை. ஆயிரக்கணக்கில் பீஸ் கட்டுகிறவர்கள் வருத்தப்பட வேண்டாம்.) கிராமப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு உண்டு. அரசுப் பள்ளிகளில் படிப்போருக்கு 2023 முதல் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வும் இருக்கிறது. அதில் தேறும் ஆயிரம் பேருக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் கிடைக்கும்.

பெரும்பாலும் கடைசி நாளில்தான் நம்மவர்கள் விழிக்கிறார்கள். வருமானச் சான்றிதழ் இல்லை, பெயரில் எழுத்துப் பிழை, ஆதாரில் ஒரு தேதி, பள்ளியில் ஒரு தேதி. தாலுகா ஆபீசுக்கும் ஈ-சேவை மையத்துக்கும் ஓடி அலைவதற்குள் விண்ணப்பம் முடிந்துவிடுகிறது. உங்கள் வீட்டிலோ, கடையிலோ, பக்கத்துத் தெருவிலோ ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தால், இந்த மாதமே அந்தக் காகிதங்களை எடுத்து வைத்துவிடுங்கள். பழைய வினாத்தாள்கள் வாங்கிக் கொடுங்கள். ஷிப்டு முடிந்து வரும் தம்பி ஒருவர் வாரத்தில் இரண்டு மாலை பக்கத்தில் உட்காரட்டும். அந்த ஒரு மணி நேரம் மட்டும் கல்லாவில் நீங்களே உட்கார்ந்துகொள்ளுங்கள் பாய்.